கோச்சைத் திட்டுவதற்கு முன் கான்ட்ராக்டைப் படியுங்கள்

அக்டோபர் நடுவில் மூன்றாவது தோல்வி வந்துவிட்டால் போதும், அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்கள் அத்தனை பேரும் ஒரே பல்லவியைப் பிடிப்பார்கள்: கோச்சை வீட்டுக்கு அனுப்பு. நாலாவது தோல்வியில் சரணம் ஆரம்பிக்கும்: கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவர், அதாவது அத்லெடிக் டைரக்டரையும் (ஏ.டி.) சேர்த்து அனுப்பு. முதல் கோரிக்கைக்கு எல்லோரிடமும் காரணம் கைவசம் இருக்கும். நாலாவது டவுனில், அதாவது கடைசி வாய்ப்பில், முன்னேறப் பார்க்காமல் பன்ட் அடித்துப் பந்தைக் கொடுத்தது, ஆட்டத்தை நடத்தும் க்வார்ட்டர்பேக் தடுமாறியும் மாற்றாமல் விட்டது, அவரைக் காக்க வேண்டிய ஆஃபென்சிவ் லைன் சல்லடையாக இருப்பது. இரண்டாவதற்குக் காரணம் கேட்டால், "அவர்தானே இவரைக் கூட்டிவந்தார்" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

அது நோஞ்சான் வாதம். ஆளைத் தேர்ந்தெடுப்பதில் யாரும் சறுக்கலாம். ஏ.டி.யைப் பிடிக்க வேண்டிய இடம் வேறு: அந்தக் கோச்சுக்கு அவர் எழுதிக்கொடுத்த கான்ட்ராக்ட். அதிலும் முதல் கான்ட்ராக்டைவிட, ஒரு நல்ல சீசன் முடிந்த சூட்டில் கையெழுத்தாகும் இரண்டாவது கான்ட்ராக்ட்.

டெக்சஸ் ஏ அண்ட் எம் கதை இதற்குப் பாடப்புத்தகம். 2017 டிசம்பரில் கோச் ஜிம்போ ஃபிஷருக்கு 10 ஆண்டு, 7.5 கோடி டாலர், முழுவதும் உத்தரவாதம்: இடையில் நீக்கினாலும் மிச்சத்தைக் கொடுத்தாக வேண்டும். அதுவே அப்போது வாயைப் பிளக்கவைத்த தொகை. 2020-ல் 9 வெற்றி, 1 தோல்வி என்று முடித்ததும், 2021-ல் ஏ.டி. ராஸ் பியோர்க் காலத்தில் கான்ட்ராக்டை 2031 வரை நீட்டி, ஆண்டுச் சம்பளத்தை 90 லட்சத்துக்கு மேல் ஏற்றினார்கள். அதுவும் முழு உத்தரவாதம். 2023 நவம்பரில் அவரை நீக்கியபோது பாக்கி 7.6 கோடி டாலருக்கும் மேல். 60 நாளுக்குள் 1.92 கோடி, பிறகு 2031 வரை ஆண்டுதோறும் 72 லட்சம். அவர் வேறு வேலைக்குப் போனாலும் ஒரு டாலர்கூடக் குறையாது. அந்த எக்ஸ்டென்ஷன் மட்டும் இல்லாதிருந்தால் பழைய கான்ட்ராக்டில் மிச்சமிருந்தது நான்கு சீசன்தான். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். பியோர்க் இரண்டே மாதத்தில் ஒஹையோ ஸ்டேட்டின் ஏ.டி. ஆகத் தேர்வானார் என்பது தனி வேடிக்கை.

இது புது வியாதியும் அல்ல. நோட்டர் டேம் 2005-ல் கோச் சார்லி வைஸுக்கு, அவருடைய முதல் சீசன் பாதி கடக்கும்போதே, 10 ஆண்டு எக்ஸ்டென்ஷன் கொடுத்தது. அவர் கையில் அப்போது இருந்தவை ஏழு ஆட்டங்கள். அதில் பெரிதாகப் பேசப்பட்டது யு.எஸ்.சி.யிடம் 34-31 என்று தோற்ற ஆட்டம்! 2009-ல் நீக்கினார்கள். மொத்தம் ஏறத்தாழ 1.9 கோடி டாலர் கொடுத்து முடித்தார்கள், பல ஆண்டு தவணையில்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? வழக்கமான பதில் ரெக்ரூட்டிங், அதாவது பள்ளி வீரர்களைக் கல்லூரிக்கு இழுப்பது. பள்ளி மாணவனின் வீட்டுக்குப் போகும்போது கான்ட்ராக்டில் நான்கு ஆண்டாவது மிச்சம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிரி கல்லூரிகள் "அவர் இருப்பாரா என்றே தெரியாது" என்று ஊதிவிடும். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் வீரர்கள் நினைத்தால் கல்லூரி மாறலாம் என்ற இந்தக் காலத்தில் அதன் பலம் பாதியாகிவிட்டது. உண்மையான காரணம் கோச்சின் ஏஜென்ட். எங்கோ ஒரு பெரிய இடம் காலி என்றதும் கோச்சின் பெயர் செய்தியில் வரும், ஏ.டி.க்கு வியர்க்கும். அந்த இடத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: போட்டி நிஜமா, புகையா?

இந்தியானாவைப் பாருங்கள். 2023-ல் 3 வெற்றி, 9 தோல்வி. டாம் ஆலனுக்கு 1.55 கோடி டாலர் கொடுத்து அனுப்பிவிட்டு, ஜேம்ஸ் மேடிசனிலிருந்து கர்ட் சிக்னெட்டியைக் கொண்டுவந்தார் ஏ.டி. ஸ்காட் டோல்சன். மறு ஆண்டே 11 வெற்றி, தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் இடம். 2025 அக்டோபர் 12-ல் பென் ஸ்டேட் வேலை காலியானது. அடுத்த சில நாளில் சிக்னெட்டிக்கு 8 ஆண்டு, ஏறத்தாழ 9.3 கோடி டாலர் என்று புதுக் கான்ட்ராக்ட் வந்தது. தொகை பெரிதுதான். ஆனால் அங்கே போட்டி கண்ணுக்குத் தெரிந்தது, கோச்சும் செய்து காட்டியிருந்தார். பெரிய தொகை கொடுத்தாலே முட்டாள் ஏ.டி. என்று எழுதுபவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

தொகையைவிட முக்கியமானவை அதன் கீழே இருக்கும் ஷரத்துகள். இரண்டு சொற்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். ஒன்று மிட்டிகேஷன்: நீக்கப்பட்ட கோச் சும்மா உட்காராமல் வேறு வேலை தேட வேண்டும் என்ற கடமை. மற்றொன்று ஆஃப்செட்: புது வேலையின் சம்பளத்தைப் பழைய கல்லூரி தர வேண்டிய பாக்கியிலிருந்து கழிப்பது. பென் ஸ்டேட் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியபோது பாக்கி 4.9 கோடி டாலர் அளவில் இருந்தது. நாடே தலையில் கைவைத்தது. அடுத்த மாதமே அவர் வர்ஜீனியா டெக்கில் சேர்ந்தார். 90 லட்சத்தில் கணக்கு முடிந்தது. ஃபிஷருடைய கான்ட்ராக்டில் இந்த இரண்டு ஷரத்துமே கிடையாது. 4 கோடி டாலர் வித்தியாசம் இரண்டு பத்தியில்தான் இருக்கிறது.

ஷரத்து இருந்தாலும் அதில் ஓட்டை இருக்கலாம். புதுக் கல்லூரியும் கோச்சும் சேர்ந்து முதல் இரண்டு ஆண்டுக்குச் சம்பளத்தை வேண்டுமென்றே குறைத்து, பின் ஆண்டுகளில் ஏற்றிவைப்பார்கள். அதுவரை பழைய கல்லூரி கட்டிக்கொண்டிருக்கும். நல்ல கான்ட்ராக்டில் "அந்தப் பதவிக்குச் சந்தையில் உள்ள நியாயமான சம்பளம்" என்ற வரி இருக்கும்; சம்பளம் அதைவிடக் குறைவாகக் காட்டப்பட்டாலும் கழிப்பது சந்தை விலையைத்தான். உங்கள் கல்லூரிக் கான்ட்ராக்டில் அந்த வரியைத் தேடுங்கள்.

அடுத்து, தேதி. பை-அவுட், அதாவது நீக்கினால் தர வேண்டிய பாக்கி, பல கான்ட்ராக்டுகளில் ஒரு குறிப்பிட்ட நாளில் சரியும். நெப்ராஸ்காவில் ஸ்காட் ஃபிராஸ்டின் தொகை 2022 அக்டோபர் 1-ல் 1.5 கோடியிலிருந்து 75 லட்சமாகக் குறைய இருந்தது. அப்படி மாற்றி எழுதிவைத்தவர் ஏ.டி. டிரெவ் ஆல்பர்ட்ஸ். ஜார்ஜியா சதர்னிடம் 45-42 என்று தோற்ற மறுநாள், செப்டம்பர் 11 அன்று, அவரே ஃபிராஸ்டை நீக்கினார். 20 நாள் பொறுத்திருந்தால் 75 லட்சம் மிச்சம், நாளொன்றுக்கு 3.75 லட்சம் டாலர். கோபத்தில் செய்த காரியம் என்று திட்டினார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். ஃபிராஸ்ட் அப்போது 16 வெற்றி, 31 தோல்வி. ஒரே ஸ்கோர் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 5-22. அடுத்த வாரம் ஓக்லஹோமாவுடன் ஆட்டம். போகப்போவது உறுதியாகிவிட்ட கோச்சை மூன்று வாரம் நிறுத்திவைப்பதற்கும் ஒரு விலை உண்டு, ரசீதில்தான் தெரியாது.

அந்த விலை இப்போது கூடிவிட்டது. பள்ளி மாணவர்கள் கையெழுத்திடும் நாள் டிசம்பர் முதல் வாரத்துக்கு வந்துவிட்டது. வீரர்கள் கல்லூரி மாறப் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் ஜனவரியில் திறக்கிறது. நவம்பர் கடைசியில் நீக்கி, டிசம்பர் நடுவில் புது ஆளை எடுத்தால் அந்த வகுப்பே கைநழுவிப் போகும். அதனால்தான் 2025 அக்டோபரில் பென் ஸ்டேட், ஃபுளோரிடா, லூசியானா ஸ்டேட் (எல்.எஸ்.யூ.) என்று வரிசையாக நாற்காலிகள் காலியாயின.

எல்.எஸ்.யூ.வில்தான் ஏ.டி.க்கும் சேர்த்து வினை வந்தது. ஃபிஷரின் முதல் கான்ட்ராக்டை ஏ அண்ட் எம்மில் ஏ.டி.யாக இருந்து எழுதிய அதே ஸ்காட் உட்வர்ட், எல்.எஸ்.யூ.வுக்கு வந்து 2021-ல் பிரையன் கெல்லிக்கு 10 ஆண்டு, 9.5 கோடி டாலர் எழுதினார். 2025 அக்டோபர் 25-ல், வேறு யாரிடமும் அல்ல, ஏ அண்ட் எம்மிடமே 49-25 என்று தோற்றார்கள். மறுநாள் கெல்லி நீக்கம், பாக்கி ஏறத்தாழ 5.4 கோடி. லூசியானா கவர்னர் ஜெஃப் லேண்ட்ரி, அடுத்த கோச்சை உட்வர்ட் தேர்ந்தெடுக்கப் போவதில்லை என்று செய்தியாளர்கள் முன்னாலேயே சொன்னார். 30-ம் தேதி உட்வர்டும் பதவியில் இல்லை. கவர்னர் இப்படி மூக்கை நுழைப்பது சரியா என்பது வேறு கேள்வி. அது அடுத்து வரும் ஏ.டி.யின் பேரம் பேசும் வலுவைத்தான் குறைக்கும்.

"பாக்கியை டோனர்கள், நன்கொடையாளர்கள்தானே கட்டுகிறார்கள், நமக்கென்ன?" என்பார்கள். இந்தச் சமாதானம் 2025 ஜூலை 1-க்குப் பிறகு செல்லாது. கல்லூரி வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசப்படி கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். 2025-26-க்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. ஃபுட்பாலில் ஸ்காலர்ஷிப் வரம்பு போய், அணியில் 105 பேர் என்ற வரம்பு வந்துவிட்டது. இந்தப் பணமும் வீரர்களின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்த வெளியிலிருந்து வரும் என்.ஐ.எல். பணமும் பெரும்பாலும் அதே சில பத்துக் குடும்பங்களின் பையிலிருந்துதான் வருகின்றன. ஃபிஷரின் பாக்கி, ஒரு கல்லூரி தன் எல்லா வீரர்களுக்கும் மூன்றரை ஆண்டு தரக்கூடிய தொகைக்கு மேல். இன்று லைன்மேன் வாங்கப் பணம் இல்லை என்று ஏ.டி. கையைப் பிசைந்தால், மூன்று ஆண்டு முன் அவர் போட்ட கையெழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

"ஃபார் காஸ்", அதாவது தக்க காரணம் காட்டி நீக்கம் என்று ஒரு கதவும் உண்டு. விதிமீறல் நிரூபணமானால் பாக்கி எதுவும் தர வேண்டாம். டென்னசி 2021 ஜனவரியில் கோச் ஜெரமி புரூயிட்டை இப்படி அனுப்பி 1.26 கோடி மிச்சம் பிடித்தது. ஆனால் 2023-ல் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அதே விதிமீறலுக்காகக் கல்லூரிக்கு விதித்த அபராதம் 80 லட்சத்துக்கு மேல். தோல்வி எந்தக் கான்ட்ராக்டிலும் "காஸ்" ஆகாது. ரசிகர்கள் ஆண்டுதோறும் இந்தக் கதவைத் தட்டுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

ஆட்ட அட்டவணைக்காக ஏ.டி.யைத் திட்டுவது பெரும்பாலும் வீண். தங்கள் கான்ஃபரன்ஸுக்கு (கல்லூரிகளின் கூட்டமைப்பு) வெளியே உள்ள அணிகளோடு ஆடும் ஆட்டங்கள் பல ஆண்டுக்கு முன்பே ஒப்பந்தமானவை. ரத்து செய்தால் அபராதம். 15 லட்சம் கொடுத்து அப்பலாச்சியன் ஸ்டேட்டை வரவழைத்து 2022-ல் ஏ அண்ட் எம் 17-14 என்று தோற்றது அட்டவணையின் குற்றமல்ல.

ரசிகர் கோபம் பலிக்குமா? பலிக்கும், எதில் விழுகிறது என்பதைப் பொறுத்து. மிச்சிகனில் 2014-ல் ஏ.டி. டேவ் பிராண்டன் கோக் வாங்கினால் டிக்கெட் இலவசம் என்கிற அளவுக்கு இறங்கினார். தலையில் அடிபட்ட க்வார்ட்டர்பேக்கை மறுபடி களமிறக்கிய விவகாரமும் சேர்ந்தது. மாணவர்கள் பல்கலைக்கழகத் தலைவர் வீட்டு வாசலில் கூடினார்கள். ரசிகர்களுக்கு பிராண்டன் அனுப்பிய எகத்தாளமான மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. அக்டோபர் 31-ல் ராஜினாமா. மாணவர் சீசன் டிக்கெட் அடுத்த ஆண்டுக்கு 175 டாலராகக் குறைந்தது. அவர் போனதும் இடைக்கால ஏ.டி. ஜிம் ஹாக்கெட் இரண்டே மாதத்தில் ஜிம் ஹார்பாவைக் கோச்சாகக் கொண்டுவந்தார். டென்னசியில் 2017-ல் நடந்தது தலைகீழ். கிரெக் ஷியானோவைக் கோச்சாக்கும் நியமனத்தை ரசிகர்கள் ஒரே நாளில் முறியடித்தார்கள், ஏ.டி. ஜான் கரியும் போனார். அடுத்து வந்த ஏ.டி. எடுத்த கோச்தான் மேலே சொன்ன புரூயிட்.

விமானத்தில் பேனர் கட்டுவதைவிட சீசன் டிக்கெட் புதுப்பிக்கும் கெடு தேதிக்கு எடை அதிகம். ரத்து செய்வதானால் கடைசி நாளுக்கு முன் எழுத்தில் செய்யுங்கள். நகல் பல்கலைக்கழகத் தலைவருக்கும் நிர்வாகக் குழுச் செயலருக்கும் போகட்டும். ஏ.டி.க்கு மட்டும் அனுப்பினால் அது அவர் மேசையிலேயே தூங்கும். இருக்கைக்காகக் கட்டும் நன்கொடைக்கு 2018 முதல் வரிவிலக்கு இல்லை என்பதால் அதை நிறுத்துவதில் உங்களுக்கு வரி நஷ்டமும் கிடையாது. ஆனால் சேர்த்துவைத்த முன்னுரிமைப் புள்ளிகள் போகும், யோசித்துச் செய்யுங்கள். மிச்சிகன், நெப்ராஸ்கா, கொலராடோ மாநிலங்களில் ரீஜென்ட்கள், அதாவது பல்கலைக்கழக நிர்வாகக் குழு உறுப்பினர்கள், தேர்தலில் வாக்கு கேட்டு வருபவர்கள். அங்கே ஒரு கடிதம் இன்னும் கனமாக விழும்.

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் மாநிலப் பொதுப் பதிவேடுகள் சட்டப்படி விண்ணப்பம் போடலாம். மத்தியச் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுதாதீர்கள், அது மாநிலக் கல்லூரிக்குப் பொருந்தாது. டென்னசி, வர்ஜீனியா போன்ற சில மாநிலங்கள் தங்கள் மாநிலத்தவருக்கு மட்டுமே தரலாம். 2013-ல் உச்ச நீதிமன்றமே அதை அனுமதித்துவிட்டது. தனியார் கல்லூரிகளுக்கு இந்தச் சட்டம் செல்லாது. அங்கே கிடைப்பது வருமான வரித்துறைக்குத் தரும் 990 படிவம் மட்டுமே, அதிலும் அதிகச் சம்பளக்காரர்களின் தொகை மட்டும்.

விண்ணப்பத்தில் "கோச் சம்பந்தப்பட்ட எல்லா ஆவணமும்" என்று கேட்டால் தேடும் கட்டணம் என்று ஒரு பெரிய பில் வரும். கோச்சின் பெயர், தேதி வரம்பு, பிறகு இந்த நான்கு: முதல் கான்ட்ராக்ட், எல்லாத் திருத்தங்கள், டெர்ம் ஷீட் (முக்கிய நிபந்தனைகளின் சுருக்கம்), என்.சி.ஏ.ஏ.வுக்கு ஜனவரி 15-க்குள் அனுப்பும் ஆண்டு நிதி அறிக்கை. டெர்ம் ஷீட்டை விடாதீர்கள். முழுக் கான்ட்ராக்ட் எழுதி முடிக்காமல் மாதக்கணக்கில் அந்த இரண்டு மூன்று பக்கத்திலேயே காலம் தள்ளுவார்கள், ஆஃப்செட் வரி காணாமல் போவதும் அங்கேதான். நிதி அறிக்கையில் லாபம் நஷ்டம் என்ற கடைசி வரியை விட்டுவிடுங்கள், அதை எப்படியும் சமன்செய்துவிடுவார்கள். பணிநீக்கத் தொகை, மாணவர் கட்டணம், பல்கலைக்கழக உதவி என்ற மூன்று வரிகளையும் ஐந்து ஆண்டுக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வரி ஏறிய அடுத்த ஆண்டே மற்ற இரண்டும் ஏறியிருந்தால், பை-அவுட்டை டோனர்தான் கட்டினார் என்று ஏ.டி. சொன்னதைப் பற்றி அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கேட்க உங்களிடம் கேள்வி இருக்கும்.