ஊர் நிர்வாகம் போடுற வருஷ லிஸ்ட்ல எது முதல்ல வரணும்?

புது நிதியாண்டு வந்தா சின்ன ஊர் நிர்வாகங்கள் எல்லாம் இந்த வருஷ இலக்குன்னு ஒரு லிஸ்ட் போடுவாங்க. எடுத்துப் பார்த்தீங்கன்னா முப்பது நாப்பது ஐட்டம் இருக்கும், பூங்கா, தெருவிளக்கு, குப்பை, நூலகம், வடிகால், தொழில் வளர்ச்சி, சுற்றுச்சூழல்னு ஒண்ணும் விடாம இருக்கும், பாதிக்கு மேல 'மிக அவசரம்'னு வேற போட்டிருப்பாங்க. இப்படி ஒரு லிஸ்ட் போட்டா முடிவு எடுக்க வேண்டிய வேலை இன்னும் முடியலன்னுதான் நான் எடுத்துக்குவேன். அந்த முடிவு அப்புறம் வருஷம் பூரா கொஞ்சம் கொஞ்சமா, யாரு அதிகமா போன் பண்றாங்க யாரு நேர்ல வந்து நிக்கிறாங்கன்றத வச்சு தானா எடுக்கப்படும், போன் பண்ண தெரியாத தெருவுக்கு எதுவும் வராது.

பணம் இல்லன்னுதான் எல்லாரும் சொல்வாங்க, அது உண்மைதான். சம்பளம், பென்ஷன், கரண்ட் பில், கடன் தவணை, ஏற்கனவே கையெழுத்து போட்ட கான்ட்ராக்ட் இதெல்லாம் போக கவுன்சில் நினைச்சு செலவு பண்ணக்கூடிய தொகை பட்ஜெட்ல ரொம்ப சின்ன துண்டு. ஆனா பணத்தை விட பெரிய தட்டுப்பாடு ஆள். சின்ன ஊர்ல பெரும்பாலும் ஒரே ஒரு இன்ஜினியர்தான் இருப்பாரு, எஸ்டிமேட் போடுறது, டெண்டர் விடுறது, வேலை நடக்கிற இடத்துல போய் நிக்கிறது, பில் சரிபார்க்கிறது எல்லாம் அவர்தான், நடுவுல மெயின் பைப் உடைஞ்சா அதுக்கும் அவர்தான் ஓடணும். அதனால லிஸ்ட் போடும்போது ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு பணம்னு மட்டும் எழுதாம யாரோட நேரம் எத்தனை வாரம் போகும்னும் எழுதினா பாதி லிஸ்ட் அங்கேயே அடுத்த வருஷத்துக்கு போயிடும், அது நல்லதுதான்.

முன்னுரிமை தேர்ந்தெடுக்கிறதுக்குன்னு ஒரு முறை நிறைய இடத்துல இருக்கு. சுவத்துல ஒரு சார்ட் ஒட்டி, ஒவ்வொருத்தர் கையிலயும் அஞ்சு கலர் ஸ்டிக்கர் குடுத்து, உங்களுக்கு முக்கியம்னு படுற வேலைக்கு பக்கத்துல ஒட்டுங்கன்னு சொல்வாங்க. பேச கூச்சப்படுறவங்க கூட கலந்துக்க முடியுது, அதனால எனக்கு பிடிக்கும். ஆனா ஸ்டிக்கர் எங்க விழுதுன்னு பாருங்க, விளையாட்டு மைதானத்துக்கு விழும், நடைபாதைக்கு விழும், கண்ணுக்கு தெரியறதுக்கெல்லாம் விழும், மண்ணுக்கு அடியில நாப்பது வருஷமா கிடக்கிற வால்வுக்கு ஒண்ணு கூட விழாது. அது வேலை செய்யற வரைக்கும் யாருக்கும் அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது இல்லையா.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு வாக்கர்டன் ஞாபகம் வரும். கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல சுமார் 5,000 பேர் இருக்கிற சின்ன ஊர் அது. 2000 மே மாசம் பலத்த மழை பெஞ்சு, பக்கத்து பண்ணையில போட்டிருந்த மாட்டுச் சாணம் கரைஞ்சு ஊருக்கு தண்ணி குடுக்கிற ஒரு ஆழமில்லாத கிணத்துல கலந்துடுச்சு, ஈ.கோலை பாக்டீரியா குழாய் வழியா வீட்டுக்கு வீடு போச்சு. 7 பேர் செத்துட்டாங்க, 2,300 பேருக்கு மேல நோய்ல விழுந்தாங்க. தண்ணியை பார்த்துக்கிட்டவங்க குளோரின் சரியா கலக்கல, அளவை பொய்யா எழுதி வச்சிருந்தாங்க. அந்தக் கிணத்துல இந்த ஆபத்து இருக்குன்னு 1978ல அதை ஆரம்பிக்கும்போதே பேச்சு வந்திருக்கு. குளோரின் அளவையும் கலங்கலையும் விடாம கண்காணிக்கிற கருவி அந்தக் கிணத்துல இருந்திருந்தா இது நடந்தே இருக்காதுன்னு 2002ல வந்த விசாரணை அறிக்கை சொல்லுது. ஒரு கருவி, அவ்வளவுதான், ஆனா ஸ்டிக்கர் ஒட்ட சொன்னா அதுக்கு யாரு ஒட்டுவாங்க?

அதனால குடிதண்ணி, கழிவுநீர், பாலம் மாதிரி உயிர் சம்பந்தப்பட்ட பராமரிப்பை ஓட்டுக்கே விடக்கூடாதுங்கிறது என் கருத்து. அதுக்கான பணத்தையும் ஆளையும் முதல்ல ஒதுக்கி வச்சிட்டு மிச்சத்துக்கு மக்களை கேளுங்க, நல்லா கேளுங்க. பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரே நகரத்துல 1989ல மக்களே பட்ஜெட் முன்னுரிமை சொல்ற முறையை ஆரம்பிச்சாங்க, அதுல ஒவ்வொரு பகுதியும் எதை கேட்குதுன்றதோட நிக்காம அங்க எத்தனை பேர் இருக்காங்க, அந்த வசதி அங்க எவ்வளவு குறைச்சலா இருக்குன்றதையும் சேர்த்து மார்க் போட்டுத்தான் பணம் பிரிச்சாங்க. கூட்டத்துக்கு அதிகம் பேர் வர்ற பகுதியே எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு போக முடியாது, இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் அந்த முறையை மதிக்கிறேன்.

வேலைகளோட வரிசை இன்னொரு தலைவலி. ரோடு போட்டு ஆறு மாசத்துல பைப் பதிக்க அதே ரோட்டை வெட்டுறது எல்லா ஊர்லயும் நடக்குது, ரோடு ஒரு லிஸ்ட்ல பைப் இன்னொரு லிஸ்ட்ல இருக்கிறதுதான் காரணம். ரெண்டையும் ஒரே மேப்ல வச்சு பார்த்தா போதும்.

நான் ரொம்ப எதிர்பார்க்கிறது என்னன்னா, இந்த வருஷம் எடுக்காத வேலைகளோட லிஸ்டையும் காரணத்தோட நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். உங்க தெரு வடிகால் இந்த வருஷம் இல்ல, ஏன்னா கீழ்த் தெருவுல தண்ணி வெளியேறுற வழியை முதல்ல சரி பண்ணணும், அடுத்த வருஷ லிஸ்ட்ல இது முதல்ல இருக்கும்னு எழுதி வச்சா ஜனங்க கோவப்பட்டாலும் புரிஞ்சுக்குவாங்க. அதே மாதிரி வருஷ நடுவுல யாராவது புது வேலை கொண்டு வந்தா தாராளமா எடுத்துக்கட்டும், ஆனா அதுக்கு பதிலா எந்த வேலை தள்ளிப் போகுதுன்னு அதே தீர்மானத்துல எழுதணும், எழுதாம கவுன்சில் அதை பாஸ் பண்ணக்கூடாது.