தலைமைப் பயிற்சியால் என்ன மாறியது என்று காட்ட நான் பட்ட பாடு

வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையின் தரப் பிரிவில் வேலை செய்கிறேன். வார்டுக்குப் பொறுப்பான இன்சார்ஜ் செவிலியர்களுக்கு நடத்திய தலைமைப் பயிற்சியால் ஏதேனும் பலன் உண்டா என்று மதிப்பிட்டுத் தரும்படி நிர்வாகம் கேட்டது. அந்த அறிக்கை ஒருவழியாக ஏற்கப்பட்டுவிட்டது. இதே வேலை தலையில் விழுந்தவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

அளவுகோல் பற்றிச் சிக்கல் இல்லை. டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இல் வகுத்த நான்கு படிகளையே வைத்துக்கொண்டோம்: பயிற்சி பிடித்ததா, எதைக் கற்றார்கள், வேலையில் நடத்தை மாறியதா, நோயாளிகளுக்கு நன்மை விளைந்ததா. பயிற்சி நடத்திய நிறுவனம் முதல் படியோடு கடையைக் கட்டியிருந்தது. அவர்கள் தந்த கருத்துத் தாள்களில், ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டுக் கீழே 'மதியச் சாப்பாடு அருமை' என்று எழுதியவர்களும் இருந்தார்கள்.

முடிவுகளைப் பின்னர் வெளியிட எண்ணியதால் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவைப்பட்டது. அங்கிருந்த எழுத்தர், ஆய்வில் பங்கேற்பவர்கள் கையெழுத்திடும் சம்மதப் படிவம் தமிழில் இல்லை என்று கோப்பைத் திருப்பினார். அதை இணைத்துக்கொண்டு போனபோது, படிவத்தில் பதிப்பு எண்ணும் தேதியும் இல்லை என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன குறைந்துவிடும் என்று இன்றும் புரியவில்லை. எல்லாம் சரியான பிறகு, மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே ஊர்ந்து போய்ச் சேர்ந்தால், கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான உறுப்பினர் எண்ணிக்கை) இல்லை என்று கூட்டத்தையே தள்ளிவைத்துவிட்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி குறைந்தது ஐந்து உறுப்பினர்கள் இருக்க வேண்டும், அவர்களில் மருத்துவத் துறை சாராதவரும் இருக்க வேண்டும். ஆகவே கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு முந்தைய நிலையை யாரும் அளந்து வைத்திருக்கவில்லை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் செவிலியர்களையே தங்களுக்கு மதிப்பெண் போடச் சொல்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. பயிற்சிக்கு முன் தன்னைச் சிறந்த தலைவராக நினைத்தவர், தலைமை என்றால் என்னவென்று தெரிந்த பிறகு தனக்குத் தானே குறைத்துப் போடுவார். தாளில் அது சரிவாகத் தெரியும். எனவே 'அப்போது எப்படி இருந்தீர்கள், இப்போது எப்படி' என்று இரண்டையும் பயிற்சிக்குப் பிறகே கேட்டோம். அதுவும் நினைவை நம்பியது என்பதால், அவர்களுக்குக் கீழே பணிபுரிவோரிடமும் பெயர் குறிப்பிடாமல் கருத்துக் கேட்டோம்.

பெரிய வாக்குவாதம் நடந்தது இன்சிடென்ட் ரிப்போர்ட், அதாவது வார்டில் நேர்ந்த அல்லது நேரவிருந்த தவறுகளை எழுதித் தரும் படிவம், பற்றித்தான். பயிற்சிக்குப் பின் அவற்றின் எண்ணிக்கை ஏறியிருப்பதைப் பார்த்த நிர்வாகி, "காசு கொடுத்துத் தவறைக் கூட்டியிருக்கிறோம்" என்றார். நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தவற்றையும் தீங்கு நேரும் முன் தடுக்கப்பட்டவற்றையும் பிரித்துக் காட்டிய பிறகே அவர் அடங்கினார்: தீங்கு கூடவில்லை, முன்பெல்லாம் மூடி மறைக்கப்பட்டவை எழுதப்படத் தொடங்கியிருந்தன. ஒரு படிவத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்த ஆம்பூல்களால் (ஊசி மருந்துக் குப்பிகளால்) மருந்து மாறவிருந்ததைப் பற்றிய அந்தத் தாளில், 'தவறு செய்தவர் பெயர்' என்ற கட்டத்தை இன்சார்ஜ் கோடு போட்டு அடித்துவிட்டு, இரண்டு ஆம்பூல்களும் ஒரே தட்டில் வைக்கப்பட்டிருந்ததை எழுதியிருந்தார். ஆளைக் குறை சொல்லாமல் காரணத்தைத் தேடும் இந்த நடத்தை மாற்றத்துக்கு, அதாவது மூன்றாம் படிக்கு, இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

நோயாளிகளுக்கு நன்மை விளைந்ததா என்ற நான்காம் படியில் திட்டமாக எதையும் சொல்ல முடியவில்லை, அறிக்கையிலும் அப்படியே எழுதினேன். பயிற்சி பெற்றவர்களில் சிலர் எம்.ஆர்.பி. (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் அரசுப் பணிக்குப் போய்விட்டார்கள். சிலர் நாங்கள் ஒப்பீட்டுக்கென்று பயிற்சி தராமல் வைத்திருந்த வார்டுகளுக்கே மாற்றப்பட்டார்கள். டூட்டி பட்டியல் போடுபவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

அடுத்த அணிக்கு, ஆறு மாத அளவீடு முடிந்த பிறகே பயிற்சி நிறுவனத்துக்குக் கடைசித் தவணை என்று ஒப்பந்தத்தில் சேர்க்கக் கணக்குப் பிரிவு சம்மதித்துவிட்டது. நிறுவனம்தான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.