தெருக்குழாயில் நல்ல தண்ணீர், வீட்டுச் சம்பில் கெட்ட தண்ணீர்

கடலூரில் வீடு வீடாகப் போய்க் குடிதண்ணீர் மாதிரி எடுத்துப் பரிசோதிப்பது என் வேலை. ஐப்பசி பிறந்துவிட்டால் போன் ஓயாது. "தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குது, வந்து பாருங்க" என்பார்கள். எல்லோருக்கும் முதல் சந்தேகம் மாநகராட்சிக் குழாய் மேல்தான். நான் முதலில் கேட்பது வேறு: சம்ப், அதாவது தரைக்குள் கட்டிய தண்ணீர்த் தொட்டி, எங்கே இருக்கிறது, செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது?

கெடிலமும் உப்பனாறும் கடலில் சேரும் ஊர் இது. முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கமெல்லாம் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் சம்பின் தரையைவிட மேலே ஏறி நிற்கும். சம்ப் நிறைந்திருக்கும் வரை உள்ளே இருக்கும் தண்ணீர் வெளித்தண்ணீரைத் தடுத்து நிற்கிறது. மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றியதும் உள்மட்டம் இறங்குகிறது. மண்ணில் நிற்கும் தண்ணீர் விரிசல் வழியே உள்ளே வருகிறது. சின்ன மனைகளில் சம்புக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே சில அடிதான் இருக்கும். எது கசிந்து வரும் என்று சொல்லவே வேண்டாம்.

அதனால் தெருக்குழாய், சம்ப், சமையலறைக் குழாய் என்று மூன்று இடத்திலும் மாதிரி எடுப்பேன். முதலில் குளோரின். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். மருந்துச் சொட்டு விட்டதும் தெருத்தண்ணீர் மஞ்சளாக மாறும். சம்ப் தண்ணீரில் நிறமே வராது. தேங்கி நின்றாலும் குளோரின் போய்விடும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. கிருமிப் பரிசோதனைக்குத் தனி பாட்டில். "இருங்க தம்பி, கழுவித் தரேன்" என்று அக்கறையாகக் கை நீட்டுவார்கள். கழுவவே கூடாது. அது கிருமி நீக்கிய பாட்டில். குளோரின் வேலையை நிறுத்த உள்ளே சோடியம் தயோசல்பேட்டும் போட்டிருக்கும். நிரப்பியதும் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது டிடிஎஸ் பேனா. "இருநூறுதான் சார் காட்டுது, நல்ல தண்ணிதானே?" என்று நிறைய வீடுகளில் கேட்கிறார்கள். அந்தப் பேனா தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, கரைந்த உப்பைக் கணக்கிட்டுச் சொல்கிறது. மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலி கிருமி அதற்குத் தெரியாது. உப்பில் எவ்வளவு நைட்ரேட் என்றும் அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. கழிவு கலந்த தண்ணீரில் நைட்ரேட் கூடும்; இந்தியத் தர அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதைத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்திதான் ஏறும்.

ஒரு வீட்டில் முடிவைச் சொன்னதும் பாட்டி ஒருவர், "இதைத்தானே பேரனுக்கு ஊட்டினேன்" என்று உட்கார்ந்துவிட்டார். அறிக்கைத் தாளை நீட்டிவிட்டுக் கிளம்ப எப்படி மனசு வரும்? கூடவே உட்கார்ந்து, தெருக்குழாயில் வருவது நல்ல தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும் அதை நேராகக் குடத்தில் பிடித்துக் காய்ச்சுங்கள் அம்மா என்று விளக்கினேன். சிக்கல் அடுத்தது. அவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். சம்பைச் சரிசெய்ய வேண்டியது வீட்டுக்காரர். பரிசோதனைக் காசு குடியிருப்பவர் கையிலிருந்து போகிறது, விரிசல் மட்டும் அப்படியே இருக்கிறது. இதுபோன்ற இடங்களில் வீட்டுக்காரரிடம் நானே பேசிவிடுகிறேன். பேசுவதும் இந்த வேலையில் சேர்த்திதான் என்பது என் எண்ணம்.

கசிவு உண்டா என்று பார்க்க எளிய வழி உண்டு. மழை விட்ட நாளில் சம்பைப் பாதிக்கு இறக்கி, உள்ளே வரும் குழாயை அடைத்துவிட்டு, இரவில் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஏறியிருந்தால் வெளித்தண்ணீர்தான். அடைமழையில் முழுசாகக் காலி செய்யாதீர்கள்; வெளி அழுத்தம் தரையையே தூக்கிவிடும். பூச்சு வேலைக்குத் தை மாதத்துக்கு மேல், நிலத்தடி நீர் இறங்கிய பிறகுதான் சரி. அப்போதே மூடியைச் சுற்றி ஒரு அடி உயரத்துக்குச் செங்கல் கட்டிவிடுங்கள். 2015 வெள்ளம் பார்த்த ஊரில் தரையோடு தரையாகச் சம்ப் மூடி இருக்கக் கூடாது. சுத்தம் செய்ய யாரையும் தனியாக உள்ளே இறக்காதீர்கள்.

பூச்சு முடிந்து, பிளீச்சிங் போட்டுக் கழுவி, சம்ப் நிறைந்த பிறகு இன்னொரு மாதிரி எடுக்க வேண்டும். அந்த இரண்டாவது சோதனைக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. நானே போன் போட்டுக் கேட்கிறேன்.