வந்துரும்

"மேல ஈரம் இருக்கு சார். அடியில கல்லு மாதிரி கெடக்கு." இதைச் சொல்லிவிட்டு அந்த அக்கா ஒரு மண்கட்டியை வேளாண் அலுவலகத்தில் என் மேசையில் வைத்தார். 2016, புரட்டாசி மூன்றாம் வாரம். முந்தின நாள் சாயங்காலம் எங்கள் மழைமானியில் 22 மில்லிமீட்டர் பதிவாகியிருந்தது. கட்டியை உடைத்துப் பார்த்தேன். நாலு விரல் ஆழத்துக்கு உருண்டை பிடிக்கிற பதம். அதற்குக் கீழே நகம் இறங்கவில்லை. உளுந்து போடலாமா என்று கேட்டார்.

"போடுங்கக்கா. அஞ்சு நாளைக்குள்ள அடுத்த மழை வந்துரும்" என்றேன்.

மேசையில் இருந்த வேளாண் வானிலை அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. லேசான மழைக்கு வாய்ப்பு உள்ளது என்றுதான் அதில் இருந்தது. காலையில் அதைப் படித்தவன் நான்தான். "வாய்ப்பு உள்ளது" என்பது என் வாயில் "வந்துரும்" என்று மாறியது எப்போது என்பதை இன்னும் பிடிக்க முடியவில்லை. ஒருவேளை "வரலாம்" என்றுதான் சொன்னேனோ என்று சில நாள் தோன்றும். இல்லை, "வந்துரும்" என்றுதான் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது நினைவில் இருக்கிறது. "வரலாம்" என்றால் யாருக்கும் முகம் தெளியாது.

கரிசல் மண்ணில் முதல் மழையை நம்பக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் நிலத்தில் முதல் தண்ணீர் வெடிப்பு வழியாக இறங்கிவிடும். அப்புறம் மேல்மண் ஊதி வெடிப்பை மூடும். பார்த்தால் நிலம் முழுக்க நனைந்த மாதிரி இருக்கும், நடுவில் கட்டி கட்டியாகக் காய்ந்தே கிடக்கும். போதாததற்கு, களி மண் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மணல் மண்ணில் அதே அளவு ஈரம் இருந்தால் செடி பிழைக்கும், கரிசலில் வாடும். கைக்கு ஈரமாகத் தெரிவதெல்லாம் வேருக்குக் கிடைப்பதில்லை. இதையெல்லாம் கூட்டம் போட்டு மற்றவர்களுக்குச் சொல்கிறவன் நான். அந்த அக்கா எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. அவரே மண்ணைத் தோண்டிப் பார்த்து, சரியான கட்டியைத்தான் கொண்டுவந்திருந்தார். அவர் காட்டியது மண்ணை. நான் வானத்தைப் பற்றிப் பதில் சொன்னேன்.

என் பக்கத்து நியாயமும் உண்டு. மானாவாரிக் கரிசலில் பருவமழைக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே புழுதியில் விதைக்கச் சொல்லி நாங்களே பரிந்துரைக்கிறோம். 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதை கிடக்கும். 20, 25 மில்லிமீட்டர் மழை ஒரே மூச்சாகப் பெய்தால்தான் அந்த ஆழம் நனையும், விதையும் அப்போதுதான் எழும். 22 மில்லிமீட்டர் அந்தக் கணக்குக்குள் வருகிறது, ஆகவே நான் சொன்னது தவறல்ல. இப்படிப் பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு, ஊறவைத்து மறுபடி உலர்த்திக் கடினப்படுத்திய விதையைக் காய்ந்த மண்ணில் ஒரே சீரான ஆழத்தில் விதைக்கருவி வைத்துப் போடுகிறவர்களுக்கானது. அதிலும் சோளம், பருத்தி மாதிரி வறட்சி தாங்கும் பயிருக்குத்தான் பெரிதும் சொல்வோம். அக்கா உளுந்தைக் கையால் வீசி, மேலோட்டமாக ஒரு உழவு ஓட்டி மூடப்போகிறவர். பாதி விதை நனைந்த மேல்மண்ணில்தான் கிடக்கும். அது எனக்கு அப்போதே தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வாரம் எங்கள் கிட்டங்கியில் மானிய உளுந்து மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன. விதைப்புப் பரப்பு எத்தனை ஏக்கர் என்று மேலே இருந்து வாரா வாரம் கேட்பார்கள். யாரும் என்னிடம் "போடச் சொல்" என்று சொல்லவில்லை. அந்த அக்காவிடம் பேசும்போது மூட்டைகளை நான் நினைத்ததாகவும் ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பதாலேயே நினைக்கவில்லை என்று ஆகிவிடுமா? நாலு ஏக்கருக்கு 32 கிலோ விதை அன்றே எடுத்துப் போனார். ரசீதில் கையெழுத்து என்னுடையது.

புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். அந்த வருஷம் காய்ந்தது மட்டும்தான். ஐந்தாம் நாள் மழை இல்லை, பத்தாம் நாளும் இல்லை. விதை முளைவிட்டு, வேர் கீழே இறங்கப் பார்த்து, அந்தக் கல் மண்ணில் முட்டிச் சுருண்டது. போய்ப் பார்த்தபோது அவர் ஒரு முளையைக் கிள்ளி எடுத்துக் காட்டினார். எதுவும் சொல்லவில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 30-ந் தேதிதான் தொடங்கியது. நவம்பரில் ஒரு பாட்டம் மழைக்குக் கம்மலை அடகு வைத்து மறுபடி விதைத்தார். அதுவும் பூக்கிற நேரத்தில் கருகியது. தமிழ்நாட்டுக்கு அந்தப் பருவத்தில் 44 சென்டிமீட்டர் பெய்ய வேண்டும், பெய்தது 17-கூட இல்லை. 2017 ஜனவரி 10-ந் தேதி எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது.

ஆகவே என் சொல்லால் போனது 32 கிலோ விதையும் ஒரு உழவுக் கூலியும்தான், மிச்சமெல்லாம் வானம் செய்தது என்று ஒரு கணக்கு உண்டு. அதை எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் அந்த முதல் விதைப்பணம் கையில் இருந்திருந்தால் கம்மல் காதிலேயே இருந்திருக்கும். அடுத்த வருஷம் விதை வாங்க வந்தபோது "நீங்க என்ன சார் செய்வீக, வானம் பாத்த பூமி" என்றார். திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் "வரும்" என்று யாரிடமும் சொன்னதில்லை. அறிக்கையை அப்படியே படித்துக் காட்டுவேன். மண்ணைப் பொறுத்தவரை மூன்று இடத்தில் ஒரு முழம் தோண்டிப் பார்க்கச் சொல்வேன். அப்புறம், "முடிவு உங்களுதுதான்" என்பேன். இதுதான் நேர்மை என்று ஏழு வருஷம் நம்பினேன்.

2023 செப்டம்பரில் ஓடைக்கரைப் பக்கம் நிலம் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி வந்தார். புழுதியில் போட்டுவிடலாமா, மழை பார்த்துப் போடலாமா என்று கேட்டார். படித்துக் காட்டினேன், முடிவை அவரிடமே விட்டேன். அவர் காத்திருந்தார். பக்கத்து நிலத்துக்காரர் யாரையும் கேட்காமல் புழுதியில் விதைத்துவிட்டார். மாதக் கடைசியில் பெய்த ஒரு மழைக்கு அவருடைய உளுந்து எழுந்தது, டிசம்பர் இரண்டாம் வாரம் களத்துக்கும் வந்துவிட்டது. அண்ணாச்சி நவம்பரில் விதைத்தது அப்போதுதான் பூவெடுத்திருந்தது. டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தண்ணீர் வடிந்து நான் கணக்கெடுக்கப் போன அன்றும் அண்ணாச்சியின் நிலத்தில் முழங்கால் சேறு. செடி அழுகிய வாடை.

வரப்பில் நின்றுகொண்டு, "நீங்க ஒரு வார்த்த அழுத்திச் சொல்லியிருந்தா முன்னமே போட்டிருப்பேனே சார்" என்றார்.

டிசம்பர் மாதத்து வெள்ளத்தை செப்டம்பரில் யாரால் சொல்ல முடியும்? அதைத்தான் அவரிடமும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் அவர் கேட்டது வெள்ளத்தைப் பற்றி அல்ல. அன்று ராத்திரி பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். அவர் வந்துபோன தேதியில் என் கையெழுத்தில் "புழுதி விதைப்புக்கு ஏற்ற வாரம்" என்று இருந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.