பெருநாளுக்கு முந்தைய நாட்கள்: ஓமானில் ரமலானும் மணலும்

ஓமானில் நோன்புப் பெருநாளைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பெருநாளன்று போய் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் போவார்கள். அங்கே தேரும் இல்லை, ஊர்வலமும் இல்லை. காலைத் தொழுகை முடிந்த கையோடு ஊரே வீட்டுக்குள் போய்விடுகிறது, கடைகள் பூட்டிக் கிடக்கின்றன, நெடுஞ்சாலையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும் கார்களைத் தவிர வேறு நடமாட்டம் இல்லை. திருவிழா என்றால் தெருவுக்கு வருவது என்றே பழகிவிட்ட நமக்கு இது சட்டென்று பிடிபடாது. வெளியாள் ஒருவர் கண்ணால் காணக்கூடிய திருவிழா அந்நாட்டில் பெருநாளுக்கு முந்தைய நாலைந்து நாட்களில்தான் நடக்கிறது. 2025 மார்ச் கடைசி வாரத்தில் நானும் என் கணவரும் மஸ்கட்டில் இறங்கியது அவருக்கு விடுமுறை அப்போதுதான் கிடைத்தது என்பதால்; அந்த வாரம் தானாக வாய்த்தது.

ரமலானில் பயணம் செய்வது கடினம் என்று பலரும் பயமுறுத்துவார்கள். கடினமில்லை, ஆனால் நாளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். பகலில் பொது இடத்தில் உண்பதும் குடிப்பதும் புகைப்பதும் சட்டப்படி குற்றம், இது முஸ்லிம் அல்லாதவர்களுக்கும் பொருந்தும். உணவகங்கள் அஸ்தமனம் வரை திறப்பதில்லை என்றாலும் பல்பொருள் அங்காடிகள் திறந்திருக்கும். விடுதிகளில் திரை போட்ட ஓர் அறையில் சாப்பாடு கிடைக்கும். அலுவலக நேரம் குறைந்துவிடுவதால் மதியம் இரண்டு மணிக்கு மேல் ஊர் அடங்கிவிடுகிறது. பகலெல்லாம் தூங்கி வழியும் முத்ரா கடைவீதியோ இரவு ஒன்பது மணிக்கு மேல் நடக்க இடமில்லாமல் நெரிகிறது. சாம்பிராணிப் புகைக்கு நடுவே ஆண்கள் தலையில் வைக்கும் கும்மா தொப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையற்கடைகளில் புது ஆர்டர் எடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்கள்; திஷ்தாஷா எனும் வெள்ளை நீள அங்கிகள் கூரை வரை தொங்கின, தைப்பவர் முகமே தெரியவில்லை.

மஸ்கட்டின் ரூவி பகுதியில் வசிக்கும் என் கணவரின் நண்பர் காயல்பட்டினத்துக்காரர், வயதில் மூத்தவர் என்பதால் நாங்கள் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். முதல் மாலை நோன்பு திறக்க அவர் வீட்டுக்குப் போனோம். ஓமானியக் கடையில் வாங்கிய பேரீச்சம்பழமும் மோரும் ஒரு பக்கம்; அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சிய நோன்புக் கஞ்சி மறு பக்கம். பாங்கு கேட்டதும் அவர் பழத்தை எடுத்தார், ஆனால் கை அடுத்த நொடியே கஞ்சிக் கோப்பைக்குப் போய்விட்டது. “இங்க வந்து முப்பது வருஷமாச்சு, கஞ்சி இல்லாம நோன்பு தொறந்த மாதிரியே இருக்காது” என்றார்.

ஹப்தா என்று ஒன்று நடக்கும், அதைப் பார்க்காமல் போகாதீர்கள் என்று சொன்னதும் அவர்தான். பெருநாளை ஒட்டி உள்நாட்டு ஊர்களில் கூடும் சந்தை அது. ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு நாள். வியாபாரிகள் ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருக்க அது வசதி. நாங்கள் பார்த்தது நிஸ்வாவில், மஸ்கட்டிலிருந்து ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத்தில். ஓமானை ஆண்ட இமாம்களின் பழைய தலைநகரான இவ்வூரின் கோட்டையும் அதன் பிரம்மாண்டமான வட்டக் கோபுரமும் 17-ஆம் நூற்றாண்டில் இமாம் சுல்தான் பின் சைஃப் காலத்தில் எழுந்தவை. அந்தக் கோட்டைக்குப் பக்கத்திலேயே கால்நடைச் சந்தை. வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தைதான் என்றாலும் ஹப்தா நாளில் கூட்டம் பல மடங்கு.

விடிந்த கொஞ்ச நேரத்திலேயே தொடங்கிவிடும் என்பதால் ஏழு மணிக்கு முன் போய் நின்றோம். நடுவில் ஒரு மேடை, அதைச் சுற்றி வட்டமாக ஒரு நடைபாதை, பாதையின் இரு ஓரங்களிலும் வாங்க வந்தவர்கள் உட்கார்ந்தும் நின்றும் இருந்தார்கள். விற்பவர்கள் ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அந்த வட்டத்தில் சுற்றிச் சுற்றி வருகிறார்கள், விலையை உரக்கச் சொல்லிக்கொண்டே. வேண்டியவர் கையைத் தூக்கி நிறுத்துகிறார், ஆட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறார், முதுகெலும்பை விரலால் அழுத்துகிறார், தலையை ஆட்டி அனுப்பிவிடுகிறார். மலைப்பக்கத்து உள்ளூர் ஆட்டுக்கு ஒரு விலை, கப்பலில் வரும் சோமாலிய ஆட்டுக்கு ஒரு விலை. முன்னதற்கு நூறு ரியாலுக்கு மேல் போகிறது. ஒரு ரியால் இருநூறு ரூபாயைத் தாண்டும் என்பதை நினைவில் வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒரு கிடாயை நான்காவது சுற்றில் நிறுத்தி, முதல் சுற்றிலேயே அதன் மேல் கண் வைத்திருந்ததை மறைத்துக்கொண்டு, வேண்டாவெறுப்பாக முகத்தை வைத்துப் பேரம் பேசிய நேர்த்தியை என்னால் மறக்க முடியாது. விலை படிந்ததும் அதை வாங்கிப் பிடித்துக்கொண்ட பேரன், பத்து வயதிருக்கும், முழங்கையை அதன் கழுத்தில் போட்டுக்கொண்டு டொயோட்டா பிக்கப் வண்டி வரைக்கும் இழுபட்டுப் போனான்.

நோன்புப் பெருநாளுக்கு எதற்கு இத்தனை ஆடு என்று கேட்கத் தோன்றும். ஹஜ்ஜுப் பெருநாளில்தான் குர்பானி. ஆனால் ஓமானில் இரண்டு பெருநாளுக்குமே வீட்டில் ஆடோ மாடோ அறுக்கும் வழக்கம் ஊன்றிப்போயிருக்கிறது. முதல் நாள் அரிசியையும் இறைச்சியையும் குழைய வேகவைத்து மசித்த அர்சியா, இரண்டாம் நாள் கம்பியில் குத்திச் சுட்ட மிஷ்காக், மூன்றாம் நாள் குழிக்குள் கங்கில் வேகவைத்த ஷுவா இறைச்சி என்று பல வீடுகளில் வரிசை உண்டு. அதனால்தான் சந்தையின் மறு ஓரத்தில் ஷுவாவுக்கான மசாலாப் பொட்டலங்களும், ஈச்ச ஓலையில் பின்னிய பைகளும், கத்தி சாணை பிடிப்பவரும் வரிசையாக இருந்தார்கள்.

மார்ச் 29, சனிக்கிழமை, ரமலான் 29. அன்று மாலை காக்கா வீட்டில் எல்லாருடைய கையிலும் போன். சவூதியும் அமீரகமும் ஞாயிற்றுக்கிழமை பெருநாள் என்று அறிவித்துவிட்டன. ஓமான் தன் பிறையைத் தானே பார்க்கும் நாடு. அன்று பிறை தென்படவில்லை, முப்பது நோன்பையும் முடித்துத் திங்கட்கிழமைதான் பெருநாள் என்று அறிவிப்பு வந்தது. சில மணி நேரக் கார்ப் பயணத்தில் எட்டிவிடும் துபாயில் பெருநாள் பிரியாணி தயாராகிக்கொண்டிருக்க, இங்கே விடியலுக்கு முன் உண்ணும் சஹருக்கு அலாரம் வைத்தார்கள். மறுநாள் மாலை இந்தியாவிலும் பிறை தெரிந்துவிட்டது என்று ஊரிலிருந்து போன் வந்தபோது காக்காவின் முகத்தில் வந்த மகிழ்ச்சி தனி. இந்த முறை மஸ்கட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே நாள்.

பெருநாள் காலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திறந்தவெளித் தொழுகைத் திடலுக்கு இடுப்பில் கஞ்சர் எனும் வெள்ளிக் குறுவாளும் தலையில் மஸ்ஸார் கட்டுமாக அப்பாவும் மகன்களும் போவதைத் தூரத்திலிருந்து பார்த்தோம். மதியம் வரை விடுதி அறையில் கிடந்தோம். மாலையில் முத்ரா கடற்கரைச் சாலைதான் உயிர்பெற்றது, அதுவும் ஓமானியர்களால் அல்ல. ஆண்டு முழுவதும் கட்டட வேலையிலும் கடைகளிலும் இருக்கும் வங்கதேசத்து, பாகிஸ்தான், இந்தியத் தொழிலாளர்கள் புதுச்சட்டையில் ஆயிரக்கணக்கில் வந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பயண வழிகாட்டி நூல்கள் ஏனோ இந்தப் பெருநாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டாம் நாள் பாலைவனம். மஸ்கட்டிலிருந்து இப்ரா வழியாகப் பித்யா சுமார் 220 கிலோமீட்டர். அங்கே தார்ச்சாலை முடிகிற இடத்தில் வஹீபா மணல் தொடங்குகிறது. இப்போதைய அதிகாரபூர்வப் பெயர் ஷர்கியா மணல். ஏறத்தாழ 12,500 சதுர கிலோமீட்டர் பரப்பு, வடபகுதியில் நூறு மீட்டர் உயரத்துக்கு எழும் மேடுகள் வடக்குத் தெற்காக நீண்ட வரிசைகளாக ஓடுகின்றன. இரண்டு வரிசைக்கு இடையிலுள்ள பள்ளம்தான் வண்டிப் பாதை. எங்களை அழைத்துப் போக வந்த ஓட்டுநர் ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி, நாலு டயரிலும் காற்றைப் பாதியாகக் குறைத்தார். டயர் தட்டையாகி அதிக இடத்தில் ஊன்றினால்தான் மணலில் புதையாது. சாதாரண வாடகைக் காரில் உள்ளே போக நினைப்பவர்கள் இந்த ஒரு காட்சியைப் பார்த்தாலே மனம் மாறிவிடுவார்கள்.

ஆளரவமற்ற பாலைவனம் என்று கற்பனை செய்து வருகிறவர்கள் பெருநாள் விடுமுறையில் வரக் கூடாது. மேட்டுக்கு மேடு குடும்பங்கள் பாய் விரித்து அமர்ந்திருந்தன, இளைஞர்கள் லேண்ட் குரூசர்களைச் செங்குத்தான மணற்சரிவில் ஏற்றி இறக்கி ஆரவாரம் செய்தார்கள், எங்கிருந்தோ முரசொலி வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது என்றே சொல்வேன். பாலைவனத்தைத் தனிமைக்கும் தியானத்துக்கும் உரிய இடமாக ஆக்கியது வெளியூர்க்காரர்கள். அங்கே பிறந்தவர்களுக்கு அது விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் இடம்.

வறண்ட நிலம் என்றாலும் வெறும் நிலம் அல்ல. 1985–86-இல் பிரிட்டனின் ராயல் ஜியாகிராஃபிகல் சொசைட்டி இங்கே நடத்திய ஆய்வு சுமார் 150 வகைத் தாவரங்களைப் பதிவு செய்தது. அரபிக்கடலிலிருந்து வரும் பனியும் ஈரமுமே அவற்றில் பலவற்றுக்குக் குடிநீர். முகாமுக்குப் பின்னால் நின்ற காஃப் மரத்தின் சிற்றிலையும் முள்ளும் எங்கோ பார்த்தது போலிருக்கவே கிட்டப்போய்ப் பார்த்தேன்: விருத்தாசலம் கோயிலின் தலவிருட்சமான அதே வன்னி. இங்கே அதன் நிழலில் ஒட்டகங்கள், அவற்றின் வாய் எட்டும் உயரம் வரை கிளைகள் சீராகக் கத்தரித்தது போல் மொட்டையாகியிருந்தன.

மூன்றாம் நாள் காலை ஓட்டுநர் எங்களைப் பித்யாவிலுள்ள தம் வீட்டுக்கு அழைத்தார். வாசலிலேயே வழி பிரிந்தது. கணவர் ஆண்களின் மஜ்லிசுக்கு, நான் பெண்களின் கூடத்துக்கு. ஏலக்காய் மணக்கும் கஹ்வா காப்பியும் பேரீச்சம்பழமும், குங்குமப்பூவும் நெய்யும் மினுங்கும் ஹல்வாவும் வந்தன. கோப்பையை இலேசாக ஆட்டிக் காட்டும் வரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். மருதாணிக் கையோடிருந்த வீட்டுப் பெண், கனிந்த பகூர்ப் புகையை என் முடிக்குள்ளும் துப்பட்டாவுக்குள்ளும் பிடித்துவிட்டார்.

பிறகு ஷுவா வேகும் குழியைத் திறப்பதைப் பார்க்கப் பிள்ளைகளோடு என்னையும் அனுப்பினார்கள். தெருவுக்கே பொதுவான குழி, ஆளுயரத்துக்கு மேல் ஆழம். பூண்டு, சீரகம், கிராம்பு, மிளகாய், வினிகர் எல்லாம் சேர்த்து ஊறவைத்த இறைச்சியை வாழையிலையில் பொதிந்து, ஓலைப்பையில் கட்டி, கங்கின் மேல் இறக்கி, மூடியைச் சேறு பூசி அடைத்துவிடுகிறார்கள். புகை எங்கே கசிந்தாலும் அங்கே மறுபடி சேறு. காற்று புகுந்தால் நெருப்புப் பற்றி எல்லாம் கரியாகிவிடும். சேற்றை மண்வெட்டியால் உடைத்து, நீண்ட கொக்கியால் பைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார்கள். எல்லாப் பையும் ஒரே கறுப்பு. எது யாருடையது என்று தெரிய ஒவ்வொரு குடும்பமும் கம்பியில் ஓர் அடையாளம் கட்டியிருந்தது: ஒன்றில் பழைய சாவி, ஒன்றில் பெப்சி டின்னின் துண்டு. இரண்டு வீட்டார் ஒரே பைக்கு உரிமை கொண்டாடி, சிரிப்பும் சத்தமுமாகக் கம்பியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்கள். இறைச்சி எலும்பிலிருந்து தானாகக் கழன்று வந்தது, சோற்றின் மேல் பிய்த்துப் போட்டு எல்லோரும் ஒரே தாம்பாளத்தில் உண்டோம்.

திரும்பும் வழியில் வாதி பனீ காலித் நீர்நிலைக்குப் போகத் திட்டமிட்டிருந்தோம். மலைப்பாதையில் கார்கள் அடைத்து நிற்பதைப் பார்த்து விட்டுவிட்டோம். விடுமுறையில் அங்கே போகாதீர்கள்.

இஸ்லாமிய ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவு என்பதால் பெருநாள் வருடாவருடம் முன்னே நகர்கிறது. 2026-இல் நோன்புப் பெருநாள் மார்ச் 20-ஐ ஒட்டி வரும், மணலில் இரவு தங்க இதமான காலம். அதே ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் மே கடைசியில். அப்போது வஹீபாவில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் என்பதால் குளிர்ந்த ஜபல் அக்தர் மலைதான் நல்லது. எந்தப் பெருநாளானாலும் நான்கு நாள் முன்பே போய்விடுங்கள், பாலைவன முகாமுக்கு மாதக்கணக்கில் முன்பதிவு செய்துவிடுங்கள், பிறையைப் பொறுத்து எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும் என்பதால் திரும்பும் விமானச் சீட்டில் ஒரு நாள் இடைவெளி விட்டு வையுங்கள்.