படத்தோட ஏறின அம்மா

மாங்குளம் சந்தியில பஸ்ஸில ஏறின ஒரு அம்மா, காணாமல் போன தன்ர மகன்ர லெமினேட் பண்ணின படமொண்டை ஒவ்வொரு சீற்றாக் காட்டிக்கொண்டு வந்தா.

ஓரம் பிரிஞ்சு, உள்ளுக்கத் தண்ணி போய், பெடியன்ர ஒரு பக்கக் கன்னம் மஞ்சள் பூத்துக் கிடந்தது.

"மனிசிக்கு மூளை பிசகிப் போச்சு" எண்டார் பின் சீற்றில இருந்தவர்.

கம்பசில எங்களுக்கு மருத்துவ அறவியலும் சமூகப் பிறழ்வும் படிப்பிச்ச பேராசிரியர் முதல் வகுப்பில சொன்னது இது: 1851இல சாமுவேல் கார்ட்ரைட் எண்ட அமெரிக்க வைத்தியர், அடிமைகள் தப்பியோடுறதையே ஒரு மனநோய் எண்டு எழுதினார். 'டிராப்டோமேனியா' எண்டு பேரும் வைச்சார். ஆக்களை அடிமையா வைச்சிருக்கிறதில அவருக்கு ஒரு பிழையும் தெரியேல்ல.

1973 வரைக்கும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பையும் நோய்ப் பட்டியலில வைச்சிருந்தது.

"ஆளைப் பாத்து நோயெண்டு எழுத முதல், அவருக்கு என்ன நடந்ததெண்டு கேளுங்கோ." இதைச் சொல்லிச் சொல்லியே சேர் ஓய்வு பெற்றார்.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையள் எங்கையெண்டு கேட்டு, 2017 பெப்ரவரி 20இல கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில போராட்டம் தொடங்கின அம்மாமாரும் இதே பேச்சைக் கேட்டவைதான்.

நித்திரை வராட்டி மருந்து குடுக்கலாம். பிள்ளை எங்கையெண்டு கேக்கிறதுக்குப் பதில் சொல்லவேண்டியது ஆஸ்பத்திரி இல்லை, அரசாங்கம்.