‘இசோ’ என்று முடிந்த கட்டளை

“அவர் என்னோடு மரியாதையில்லாமல்தான் கதைக்கிறார், அண்ணா” என்று சொல்லி, தென்கொரியாவின் கிம்ஹே நகரில் வேலை செய்யும் இலங்கைத் தம்பி ஒருவர் கைப்பேசியில் பதிந்திருந்த ஒலியைப் போட்டுக் காட்டினார். அவருடைய மேற்பார்வையாளரின் கொரிய மொழிக் கட்டளைகள் பெரும்பாலும் ‘இசோ’ என்றே முடிந்தன. இலங்கையில் இபிஎஸ்-டோபிக் என்ற, கொரியாவுக்கு வேலைக்குப் போவோருக்கான கொரிய மொழித் தேர்வுக்குப் படித்துவிட்டு வந்தவருக்கு மரியாதை என்றால் ‘சேயோ’, இல்லையேல் ‘சும்னிதா’. அவரைக் குறை சொல்ல முடியாது. 1988ஆம் ஆண்டின் தென்கொரியப் பொதுமொழி விதியே கற்றோர் பரவலாக வழங்கும் இக்காலச் சியோல் பேச்சைத்தான் அளவுகோலாக வைக்கிறது. ஆனால் கிம்ஹே இருப்பது தென் கியொங்சாங் மாகாணத்தில். இங்கே ‘சும்னிதா’ ‘சிம்தோ’வாகக் குறுகும், ‘இசோ’ பணிவான ஏவல். பக்கத்து நகரான பூசானின் ஜகல்சி மீன் சந்தைத் திருவிழா வாடிக்கையாளரை ‘ஒஇசோ, போஇசோ, சாஇசோ’ (வாருங்கள், பாருங்கள், வாங்குங்கள்) என்றுதான் அழைக்கிறது.

இதையெல்லாம் ஆலோசனை மையப் பொறுப்பாளருக்கு விளக்கி, இந்த ஏவல்களில் அவமதிப்பு இல்லை என்றேன். இலக்கணப்படி அது சரி. இன்றும் அதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் பதிவின் கடைசியில், இயந்திர இரைச்சலுக்கு நடுவே, ‘ஹேரா’ என்று ஒரு குரல் கேட்டது. அது மரியாதை விகுதி இல்லாத வெறும் ‘செய்’. அந்த வயதுக்காரர்கள் கொரிய இளைஞர்களிடமும் அப்படிப் பேசுவதுண்டு என்று நான் சொன்னபோது தம்பி கேட்டார்: “காலையில் ‘இசோ’, பின்னேரம் ‘ரா’ என்றால், இடையில் நான் எதில் குறைந்து போனேன்?”

விடை தெரியாததால் ஊர்ப் பேச்சுக்குத் தாவினேன். “யாழ்ப்பாணத்தில் பெரியவர் ஒருவர் ‘இரும்’ என்றால் கோபிப்பீரா?”

“அது சொல்லுறவரைப் பொறுத்தது, அண்ணா.”

அதற்குமேல் என்னிடம் இலக்கணம் இல்லை. விகுதி தனியாக எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. ஒரே வாய் ஒரே ஆளிடம் எப்போது விகுதியை மாற்றுகிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது என்று பின்னர் எனக்குத் தோன்றியது. அப்படியானால் தம்பியின் மனத்தாங்கலுக்கு அடிப்படை இருந்தது. ஆனாலும் அந்த ‘ரா’ அவரை நோக்கியதுதானா என்பதைப் பதிவு சொல்லவில்லை.

யாரை நோக்கியது எனத் தெளிவில்லை என்றே குறிப்பில் எழுதவைத்தேன். இன்று கேட்டாலும் அப்படியே எழுதவைப்பேன் என்று நினைக்கிறேன். உறுத்துவது வேறு: ‘இசோ’வுக்கு நான் கொடுத்த அவ்வளவு நீண்ட விளக்கம், பொறுப்பாளரின் காதில் மேற்பார்வையாளருக்கான நற்சான்றாக விழுந்திருக்கலாம்.